வந்துபோனவனுக்கு ஒதுக்கிய அறை

சானடோரியத்திலிருந்து வந்து மறுபடி வேலையில் சேர்ந்த அன்று என் கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்புகிறேன் என்று நான் எழுதிய கடிதம் ஒன்று. இவன் வேலை செய்யத் தகுதியானவன் என்ற வைத்தியச் சான்று இன்னொன்று. இரண்டையும் தலைமை குமாஸ்தா வாங்கி, தேதி முத்திரை குத்தி, கோப்பில் கட்டினார். மூன்றாவதையும் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்பர் போட வழியில்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்பர் போட முடியாத காகிதம் எங்கள் கச்சேரியில் காகிதமே இல்லை.

எந்த ஊர்த் தாலுகா கச்சேரி என்று சொல்லப்போவதில்லை. சேலம் ஜில்லாவின் தென்பகுதி என்பது போதும். கட்டடம் இன்னும் நிற்கிறது. காலம் முப்பதுகளின் நடுப்பகுதி. காசநோய்க்கு ஊசியும் மாத்திரையும் வராத காலம். படுக்கை, பால், முட்டை, மீன் எண்ணெய், திறந்த வராந்தா, இவைதான் மருந்து. சிலருக்கு விலாவில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருக்கி ஓய்வில் வைப்பார்கள். எனக்கும் வைத்தார்கள். பதினோரு மாதம் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பவில்லை.

புறப்படுகிற அன்று டாக்டரிடம், "இனிமேல் வராதில்லையா?" என்று கேட்டேன். எட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். ஒரு கோப்பை முடித்துக் கட்டினால் முடிந்ததுதான் என்ற நினைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார் சொன்னது? மற்றவர்களைவிட உமக்குத்தான் சுலபமாக வரும். உள்ளே அடங்கிக் கிடப்பது எழுந்துகொள்ளலாம். அல்லது வேறு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இருமி, புதிதாகக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நீர்தான் காவல்."

பிறகு டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். வயிறு காயக் கூடாது. உடம்பு தாங்குவதற்கு மேல் உழைக்கக் கூடாது. பீடி, சுருட்டு, பொடி எதுவும் கூடாது. எந்தக் காய்ச்சலையும் வெறுங்காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். தூசியும் அடைத்த அறையும் ஆகாது. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்தார்: இருமுகிறவனோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது. தலைமை குமாஸ்தா நம்பர் போட மறுத்த காகிதம் இதுதான்.

தலைமை குமாஸ்தா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்ததும், "வாப்பா, உடம்பு தேவலையா?" என்று பிரியமாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே நாற்காலியை ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். திரும்பி வந்த எனக்கு எல்லோரும் காட்டிய பிரியம் அந்த ஓர் அடிக்கு அப்பாலிருந்துதான் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் நோய் வருமுன் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"உன்னை ரிக்கார்டு ரூமுக்குப் போட்டிருக்கேன்" என்றார்.

ரிக்கார்டு ரூம் கச்சேரியின் பின்கட்டில் இருந்தது. கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். எப்போதோ யாரோ பழைய நிலப் பத்திரங்களைத் திருடிப் போனார்கள் என்று இரண்டுக்கும் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். வெளிச்சம் கதவு வழியாக வருவதுதான். காற்று அதுவும் இல்லை. துணியில் கட்டிய கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஒன்றை உருவினால் ஐம்பது வருஷத் தூசி முகத்தில் விழும். அந்த அறையில் ரிக்கார்டு கீப்பர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஒரு வருஷமாக இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்து அதில் துப்பி, மேலே காகிதத்தைப் போட்டு மூடுவார். அது என்ன இருமல் என்று கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னவர் யாரும் இல்லை. "தூசி இருமல்" என்று பெயர் வைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

"அங்க இருக்கறவரு இருமறாருங்களே" என்றேன்.

"அதனாலதான் தம்பி உன்னைப் போட்டேன். வேற யாரையாச்சும் போட்டா அவனுக்கு வந்துடும். உனக்குத்தான் வந்து போயிடுச்சே. இனிமே என்ன பயம்?"

"வந்து போனா மறுபடி வராதுன்னு யாருங்க சொன்னது?"

அவர் தன் கன்னத்தை விரலால் தட்டிக் காட்டினார். "இது சொல்லுது."

அவர் பன்னிரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். அடுத்து அவர் வீட்டிலேயே மூன்று பேருக்குக் கண்டபோது அவரைத்தான் உள்ளே விட்டார்கள். வேப்பிலை மாற்றியது, இளநீர் கொடுத்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் அவர்தான். அவர்மேல் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். தெருவில் ஒரு வீட்டில் அம்மை இறங்கினால், முகத்தில் தழும்பு உள்ளவர்களைத் தேடிப் போய்க் கூட்டிவருவார்கள். அம்மைக்கு அது சரியான வழக்கம். அதை அப்படியே தூக்கிக் காசத்தின் மேல் போட்டார்கள். அதுதான் தப்பு.

கச்சேரிக்காரர்கள் மட்டும் இப்படி நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் ஊர் திரும்பிய மறுவாரமே சேந்தமங்கலத்திலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார். அவர் தம்பி மனைவிக்கு இதே நோயாம். ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் வர வேண்டுமாம். என் மனைவி அவரை வாசலைத் தாண்ட விடவில்லை.

"அவருக்குத்தான் வந்து போச்சுங்களே அம்மிணி. அவரு கூட இருந்தா எங்களுக்கும் ஒரு தெம்பா இருக்குமுங்க."

"ஏனுங்க, உங்கூட்டுல தீப்புடிச்சா, போன மாசம் தீக்காயம் பட்டவனத்தான் தேடிப் புடிச்சு உள்ள தள்ளுவீங்களா?"

அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது. நல்ல யோசனையை ஏன் இவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்ற குழப்பம்.

உறவுக்காரரை வாசலோடு அனுப்பலாம். தாசில்தாரை அனுப்ப முடியாது. எழுத்தில் இறங்கினேன். வேறு இருக்கை தரும்படி ஒரு மனு. பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. பரிசீலனைக்கு எத்தனை நேரம் ஆனது என்று தெரியும், ஏனென்றால் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல்களைத் திறந்துவிடும்படி இன்னொரு மனு. அடைத்தது முன்னாள் அதிகாரியின் உத்தரவு, திறப்பதானால் மராமத்து இலாகாவின் எஸ்டிமேட் வேண்டும், எஸ்டிமேட் கேட்கும் அளவுக்கு அவசியம் காணப்படவில்லை என்று பதில். மனுக்கள் போய்வந்த நான்கு நாளும் நான் வாசற்படியில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

நான்காம் நாள் ரிக்கார்டு கீப்பர் வெளியே வந்தார். வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசினார்.

"சாமி, ஒண்ணு கேக்கறனுங்க. எனக்கு இன்னதுன்னு தாசில்தாருக்கு எழுதிக் குடுத்துராதீங்க. வெளிய தெரிஞ்சா ஊட்டுக்காரரு அன்னைக்கே சாமானத் தூக்கித் தெருவுல வெச்சுருவாருங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனாத் தெரிஞ்சுபோயிருமுங்களே."

"நான் எழுதமாட்டனுங்க. ஆனா உங்க பக்கத்துல உக்காரவும் மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிக்க என்னுங்க இருக்குது? உள்ள வராதீங்கன்னு நானே சொல்லோணும்னுதான் இருந்தேன். உங்களுது செத்துப் பொழச்சு வந்த ஒடம்புங்க."

இதைக் கேட்ட பிறகு எனக்கு இருந்த ஒரே சட்டப்படியான வழியும் அடைபட்டது. அவருக்கு நோய் என்று எழுதினால் என் மனு நிற்கும். எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி, பூச்சி விழுந்த துவரையை முறத்தில் பரப்பிக்கொண்டே விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். வேலையை விட்டுவிட்டுத் தன் அப்பா தோட்டத்துக்கு வந்துவிடச் சொன்னாள். முடியாது என்றேன். நோயிடமிருந்து தப்பியவன் ஒரு நாற்காலிக்குப் பயந்து ஓடுவதா என்று எனக்கு ஆத்திரம்.

"அப்ப வெளிய உக்காந்து வேல பாருங்க."

"ரிக்கார்டெல்லாம் உள்ள இருக்குது."

"அதையும் வெளிய எடுத்துப் போடுங்க. பூச்சி புடிச்ச எதையும் நாங்க வெயில்லதான் போடறோம். உங்க கச்சேரிக் காயிதத்துக்கு மட்டும் பூச்சி புடிக்காதுங்களா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு விதி இருந்தது. ரிக்கார்டுகளை வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று ஏடு ஏடாகப் பார்த்து, மறுபடி கட்டி அடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் செய்ததில்லை. வருஷா வருஷம் "செய்யப்பட்டது" என்று ஒரு வரி மேலே போகும், அவ்வளவுதான். நிரந்தர விதி என்பதால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று விதியில் சொல்லவில்லை. இதை எழுதியவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன்.

மறுநாள் காலை, "இவ்வாண்டுக்கான காய வைக்கும் பணி இன்று தொடங்குகிறது" என்று ஒரு குறிப்பு எழுதித் தாசில்தார் மேஜையில் வைத்தேன். இரண்டு சேவகர்கள் கட்டுகளைச் சுமந்துவந்து கச்சேரிக்குப் பின்னால் இருந்த புளியமரத்தடியில் அடுக்கினார்கள். பாய்களை விரித்து ஏடுகளைப் பிரித்துப் போட்டேன். ரிக்கார்டு கீப்பரும் வெளியே வந்துவிட்டார். அவர் இல்லாமல் எந்தக் கட்டு எது என்று யாருக்கும் தெரியாது.

காலையில் முதல் வேலை, ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் காற்றில் விடுவது. அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். நடுவில் இருபது அடி. பகலில் காற்று திரும்பினால் அவரே எழுந்துவிடுவார்.

"காத்து மாறுதுங்க. நா அக்கட்டால போறனுங்க."

சிரட்டைக்குப் பதிலாக மூடி போட்ட தகர டப்பா கொண்டுவரச் சொன்னேன். அதில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி வைத்தார். சாயங்காலம் குழி தோண்டிப் புதைத்தார். சானடோரியத்தில் நான் படித்த பாடத்தையெல்லாம் இருபது அடி தூரத்திலிருந்து கத்திக் கத்திச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் தலையை ஆட்டிவிட்டு ஏட்டைப் புரட்டுவார்.

பட்டா மாற்ற வந்த குடியானவர்களுக்கு இது வேடிக்கை. "ஏனுங்க, கச்சேரியே எந்திரிச்சு வெளிய வந்துருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "உள்ள காத்தில்லீங்க, அதுக்கும் மூச்சு முட்டுது" என்றேன். ஒரு நாள் ஓர் ஆடு வந்து, யாருடைய பாட்டன் காலத்து எல்லைத் தகராறோ, அந்த ஏட்டின் ஒரு மூலையை மென்றுவிட்டது. அதற்கும் முறைப்படி குறிப்பு எழுதினேன்: "இன்ன பக்கம், இன்ன மூலை, ஆட்டால் சேதம்." தலைமை குமாஸ்தா அதற்கு மட்டும் உடனே நம்பர் போட்டார்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. வேலை நிஜமாகவே நடந்தது. காணாமல் போனதாக எழுதி வைத்திருந்த பல ஏடுகள் கிடைத்தன. எனக்கு எடை கூடியது. மதியம் மனைவி கொடுத்தனுப்பிய சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் தின்றேன். பிறகு ஐப்பசி மழை வந்தது. மழையோடு வாதாட எந்த விதியும் இல்லை.

தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார். வெளிஜில்லாக்காரர். அதிகம் பேசாதவர். பக்கத்தில் தலைமை குமாஸ்தா நின்றிருந்தார்.

"எல்லாக் கட்டும் நாளைக்குள் உள்ளே போக வேண்டும். நீரும் உள்ளே உட்கார வேண்டும்."

"கட்டெல்லாம் போயிருமுங்க. நான் போகமாட்டேன்."

"என்ன ரூல் இது?"

"இதுக்கு ரூல் இல்லீங்க."

எட்டு வருஷத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தாசில்தாருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

"சஸ்பெண்ட் செய்யட்டுமா?"

"செய்யுங்க. காரணத்தை மட்டும் எழுதிக் குடுங்க. ஏற்கெனவே காசம் வந்தவன்கறதால இவனை அந்த அறையில போட்டோம், மறுத்தான்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி எழுதினால் அந்த அறையில் என்ன இருக்கிறது என்பதையும் எழுத வேண்டி வரும்.

"பிடிவாதம் பண்ணாதே தம்பி" என்றார் தலைமை குமாஸ்தா. "எங்க வீட்டுல மூணு பேருக்கு நான் பார்த்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அம்மைக்கு நீங்க செஞ்சது சரிங்க. அதை நான் குத்தம் சொல்லல. உங்களுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற. இது பதினோரு மாசம் கெடந்து வாங்குன மூச்சுங்க. கச்சேரி வசதிக்கு இதை எடுத்துக் குடுக்க முடியாது."

சாயங்காலம் உத்தரவு வந்தது. நான் ரிக்கார்டு ரூமில் அமர வேண்டும், தவறினால் நடவடிக்கை. காரணம் என்ற இடத்தில் "நிர்வாக வசதியை முன்னிட்டு" என்று இருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, கச்சேரி நிரம்பியிருந்த நேரத்தில், மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கடப்பாரை ஒன்று இரவல் வாங்கினேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கிழக்கு ஜன்னலின் பலகையில் கொடுத்து நெம்பினேன். பலகையைக் கறையான் பாதி தின்றிருந்தது. மூன்று நெம்பில் விழுந்துவிட்டது. ரிக்கார்டு கீப்பர் எட்டி நின்று, "நா ஒரு கை புடிக்கட்டுங்களா?" என்றார். "நீங்க தூரப் போங்க" என்றேன்.

மேற்கு ஜன்னல் இணங்கவில்லை. தேக்குப் பலகை. ஆணி ஒவ்வொன்றும் விரல் நீளம். நாலாவது நெம்பில் எனக்கு மூச்சு வாங்கியது. உடம்பு தாங்குவதற்கு மேல் உழைக்கக் கூடாது என்பதும் டாக்டர் பட்டியலில்தான் இருந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வராந்தா நிறைய ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. எழுந்து மறுபடி கடப்பாரையை எடுத்தபோது தலைமை குமாஸ்தா படியிறங்கி வந்தார். நான் திரும்பி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் தோளில் இடிக்கும் அளவு பக்கத்தில் வந்து நின்றார்.

"மூச்சு வாங்குது பாரு. கொடு இப்படி" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

பலகை விழுந்ததும் காற்று ஒரு கதவைத் தள்ளுவது போல அறைக்குள் போனது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் என்மீது குற்றக் குறிப்பு எழுதியதும் அதே கைதான். தன் பெயரை அதில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கச் சொல்லவில்லை.

விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். எனக்கு இந்த நோய் வந்தது, வந்தவனுக்கு மறுபடி வரும், அந்த அறையில் காற்று இல்லை, ஜன்னலை உடைத்தது நான்தான், தண்டனைக்குத் தயார். அவ்வளவுதான். ரிக்கார்டு கீப்பரைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. கண்டனமும், ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு நிறுத்தமும் கிடைத்தன. ஜன்னல்களை மறுபடி அடைக்கவும் உத்தரவானது. ஆனால் அடைப்பதற்கு மராமத்து இலாகாவின் எஸ்டிமேட் வேண்டும். யாருடைய அனுமதியில் திறந்தது என்று அவர்கள் கேட்டார்கள். அனுமதியில்லாமல் திறந்த ஜன்னலை அடைக்க எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கோப்பு சேலத்துக்கும் எங்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது.

இரு பக்கமும் காற்று ஓடிய பிறகு நானும் அந்த அறையில் உட்கார்ந்தேன். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கு ஜன்னல் எனக்கு, கிழக்கிலிருந்து அடித்தால் கிழக்கு ஜன்னல் எனக்கு. எஞ்சியது அவருக்கு. இரண்டாவது வருஷம் அவர் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் சொன்னபடியே வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைத்தார். தம்பியின் தோட்டத்துச் சாளைக் குடிசையில் போய் இருந்தார். அங்கேயே ஆறு மாதத்தில் இறந்தார். நான் முதலிலேயே எழுதியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்று எழுதியிருந்தால் வேலையும் வீடும் அன்றே போயிருக்கும். சானடோரியத்தில் கட்டில் கிடைத்திருக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. இது என்னை உறுத்தவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

எனக்கு மறுபடி வரவில்லை. ஜன்னலால்தான் என்று சாதிக்க மாட்டேன். சோறு, தூக்கம், என் மனைவியின் நாக்கு, கொஞ்சம் அதிர்ஷ்டம், எல்லாம் சேர்ந்தது. ஓய்வு பெறும் சமயத்தில் என் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிய இளம் அதிகாரி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், 'அரசாங்கக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தவர்'னு ஒரு குறிப்பு இருக்கு. நீக்கச் சொல்லி மனு கொடுக்கலாமே." எந்தப் படிவம், யாருக்கு முகவரியிட வேண்டும், எத்தனை நாளில் பதில் வர வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். அதில் எழுதியிருப்பது உண்மைதான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன்.